ஓய்வுபெற்றவர்களின் ஊரில் களை பிடுங்கினேன்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நானே சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம். ஊர்க்காரர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். ஐரோப்பாவில் பழைய ரோமானிய நகரம் ஒன்றில் வேலை கிடைத்தபோது, ரோமாபுரியில் வேலை என்று சொந்த ஊர் போடிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. "போப்பாண்டவரப் பாத்தியாப்பா?" என்று ஒருவர் கேட்க, "ஒருக்கா தூரத்துல பாத்தேன், நல்லாருக்காரு" என்றும் சொல்லிவைத்தேன். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த ஆளிடம் போப்பாண்டவர் வீட்டுக்கு எந்தத் தெருவழியாகப் போக வேண்டும் என்று கேட்டேன். அவர் மண்வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். நான் இருந்தது ஸ்பெயின் தேசம். ஊரின் பெயர் மெரிதா. ரோமுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கடலே கிடக்கிறது. ரோமானியர்கள் ரோமைத் தவிர வேறு ஊர்களும் கட்டினார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அங்கே நான் பார்த்தது களை பிடுங்கும் வேலை. ரோமானியர் விட்டுப்போன அரங்கம், கல்லறை, தரை, சுவர் எல்லாவற்றிலும் புல்லும் பூண்டும் முளைக்கும். அதைக் கையால் எடுப்பதற்கு ஒரு கூட்டம் உண்டு. அதில் ஓய்வு பெறும்வரை ஒருவனாக இருந்தேன். இப்போது அந்தக் கூட்டத்தில் கம்பத்துக்காரர் ரஹீம் இருக்கிறார். போன வாரம் பேசினார். "சுருளியண்ணே, இங்க சூடா ஆவியடிச்சுக் களையக் கொல்ற மிஷினு வந்துருச்சு. கையில எப்படி எடுத்தாங்கன்னு புது ஆளுகளுக்குத் தெரியல. மிஷினு போகாத எடத்துல முழிக்கிறாங்க. நீங்க எழுதி அனுப்புங்க, நான் படிச்சுச் சொல்லிக்கிறேன்" என்றார். வேலையைப் பற்றி மட்டும் எழுதினால் அரைப் பக்கம் வரும். அந்த வேலைக்கு நான் ஏன் போனேன் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் எனக்கு நிம்மதி. ரஹீம் வேண்டாததை விட்டுவிட்டுப் படித்துக்கொள்ளட்டும்.

அண்ணன் வேல்ச்சாமிக்கும் எனக்கும் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. பறித்த காயை உலர்த்தி மூட்டை கட்டி வைக்க ஒரு ஸ்டோரும் உண்டு. ஒரு வருஷம், ஏல விற்பனைக்கு லோடு இறக்க வேண்டிய நாளில் கதவைத் திறந்தால் மூட்டைகள் இல்லை. பூட்டு உடையவில்லை. ஸ்டோர்ச் சாவி மூன்று பேரிடம்தான் இருந்தது: அண்ணனிடம், என்னிடம், அண்ணன் மகன் செல்வத்திடம். செல்வம் அப்போது மீசை அரும்பி, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பயல். நான் தோளில் தூக்கி மலையேற்றியவன்.

போலீசுக்குப் போகலாம் என்றார்கள் சிலர். அண்ணன் முந்தல் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் கருப்பசாமியிடம் போனார். எங்கள் பக்கம் யார் திருடினார் என்று தெரியாவிட்டால் காசு வெட்டிப் போடுவார்கள். ஒரு காசைச் சாமி முன்னால் கல்லில் வைத்து, உளியால் இரண்டாக வெட்டி, ஒரு துண்டைச் சந்நிதியில் போட்டு, மறு துண்டை ஓடையில் எறிவது. எடுத்தவனைச் சாமி பார்த்துக்கொள்ளும். இதில் என் பங்கு என்னவென்றால், காசு நழுவாமல் குறடால் பிடித்துக்கொண்டதே நான்தான். அண்ணன் உளியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். நான்தான் "ஓங்கி வெட்டுண்ணே, பாதி வெட்டு விழுந்தா பாதித் திருடன்தான் மாட்டுவான்" என்றேன். பூசாரிகூடச் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"எடுத்தவன் எவனா இருந்தாலும் சரி, கருப்பா, அவன் வீடு வெளங்கக் கூடாது" என்று சொல்லி வெட்டினார்.

அடுத்த மாசம் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டு போன நான் கொண்டை ஊசி வளைவில் கீழே விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன். ஜீப்பில் இடம் இல்லை, அதனால் தொங்கினேன், அதுதான் காரணம். ஊருக்கு அது போதவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் டீக்கடையில் தீர்ப்பு வந்துவிட்டது: "கருப்பன் காட்டிக் குடுத்துட்டான்ல!" அந்தக் கோடையில் எங்கள் கிணறு வற்றியது. எல்லார் கிணறும் வற்றியது. மற்றவர்களுக்கு அது வறட்சி, எனக்கு மட்டும் சாபம்.

அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டவும் இல்லை. என் வீட்டில் கை நனைப்பதை நிறுத்தினார், அவ்வளவுதான். காசு வெட்டுப்பட்டவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாசலில் நின்று பேசுவார். என் வீட்டுக்காரி காபி கொண்டுவந்தால், "வயிறு சரியில்லத்தா" என்பார். ஒருவருக்கு அத்தனை நாள் வயிறு சரியில்லாமல் இருந்தால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும்.

நான் பூசாரியிடம் போய், இதைத் திருப்ப வழி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. ஒங்க அண்ணன் ஒன்னோட வந்து நின்னு, இவன் மேல இல்ல சாமின்னு சொல்லி முழுக்காசு ஒண்ணு போடணும். ஒம்மேலருந்து எறங்கிரும்" என்றார். "எறங்கி எங்க போகும்?" என்று கேட்டேன். "வெட்டுன காசு சும்மா போகாதப்பு. அது தன் ஆளத் தேடிப் போயிரும்" என்றார். அண்ணனிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, என் பங்குத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்களைத் தேடிப் போனேன்.

போர்ச்சுக்கலில் பழம் பறித்தது, எல்லை தாண்டித் தக்காளி பறித்தது, ஒலிவக்காய் உலுக்கியது எல்லாவற்றையும் ஒரே வரியில் தாண்டுகிறேன். இடுப்பு வலி எந்தத் தேசத்திலும் இடுப்பில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மெரிதாவில் களைக்கூட்டம். அதன் மேஸ்திரி பிலார் என்ற அம்மாள். குட்டையாக, வெயிலில் காய்ந்த முகத்தோடு இருப்பார். நான் பிலாரம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேசியதை எல்லாம் நம் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர் பாஷை எனக்குக் கடைசிவரை முக்கால்வாசிதான் புரிந்தது.

முதல்நாள் என்னை ஒரு தரையில் உட்காரவைத்தார். விரல்நகம் அளவு கற்களைப் பதித்துப் படம் செய்த தரை. இடுக்குகளில் புல். "எடு" என்றார். எனக்கா சொல்லிக் கொடுக்க வேண்டும்? ஏலச்செடியில் காய்க்கும் சரம் மண்ணை ஒட்டிக் கிடக்கும். அதன்மேல் கை படாமல், மேலாக ஓடும் வேர் அசையாமல் களை எடுத்துப் பழகியவன் நான். சரசரவென்று பிடுங்கிப் போட்டேன். பிலாரம்மா வந்தார், குந்தி உட்கார்ந்தார், நான் பிடுங்கிய ஒவ்வொரு குழியிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். தப்பாகப் பிடுங்கிய குழி பக்கத்தில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்துக்கொண்டே போனார். சாயங்காலம் பார்த்தால் என் பகுதி கூழாங்கல் கடை மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பகுதியில் ஒன்றுகூட இல்லை. அவர் அன்றைக்கு வேலையே செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது.

ரஹீம், இதைக் கவனமாகப் படித்துச் சொல்லவும். ஏலத்தோட்டத்தில் வேரோடு எடுக்க வேண்டும்; அங்கே அப்படிப் பிடுங்கினால் கல்லும் பெயர்ந்து வரும். இரும்பு வேண்டாம், மரக்குச்சி போதும். செடியின் கழுத்தைப் பிடிக்கும் முன், இடது கையின் இரண்டு விரலால் இருபக்கத்துக் கல்லையும் அழுத்திக்கொள்ள வேண்டும். மழை பெய்து மண் இளகிய மறுநாள்தான் நல்ல நாள். இழுத்துப் பார்த்து, வராது என்று கை சொன்னால் விட்டுவிட வேண்டும். கழுத்தோடு அறுத்துவிட்டு, அடுத்த முளை வந்ததும் அதையும் அறுக்க வேண்டும். வெளிச்சமே பார்க்காமல் வேர் தானாகச் சாகும். குழியைச் சுண்ணாம்பும் மணலும் கலந்து அடைக்க வேண்டும். வாளி மண்ணை அப்படியே கொட்டக் கூடாது, படத்துக் கல் கலந்திருக்கும், சலித்துத்தான் கொட்ட வேண்டும். எனக்கு இதைப் பழக ஒரு குளிர்காலம் ஆனது. பிறகு ஒருநாள் பிலாரம்மா சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, கூழாங்கல் வைக்காமல் எழுந்து போனார். அன்றைக்கு இரண்டு பங்கு சாப்பிட்டேன்.

அந்த ஊரே ஓய்வுபெற்றவர்களுக்காகக் கட்டிய ஊர். சண்டைக்குப் போய்க் கிழடான ரோமானியச் சிப்பாய்களுக்குச் சக்கரவர்த்தி நிலம் கொடுத்துக் குடியேற்றினாராம். பழைய பெயரிலேயே அந்தப் பொருள் இருக்கிறது என்று பிலாரம்மா சொன்னார். ஆற்றுக்குக் குறுக்கே நீளமாகக் கற்பாலம். நான் அதன்மேல்தான் ஜாகைக்கு நடந்து போவேன். தண்ணீர் கொண்டுவந்த கால்வாயைத் தாங்கிய தூண்கள் கருங்கல்லும் செங்கல்லுமாக இன்றும் நிற்கின்றன. உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். தெருவில் திரும்பினால் கடைகளுக்கு நடுவில் ஒரு கோயில் தூண்களோடு நிற்கும். யாராவது வீட்டில் குழாய் பதிக்கத் தோண்டினால் கீழே இன்னொரு வீடு இருக்கும். "கிழட்டுச் சிப்பாயிக்கு எதுக்குப் பிலாரம்மா இம்மாம் பெரிய நாடக அரங்கம்?" என்று கேட்டேன். "வீட்டுல இருந்தா பொண்டாட்டி வேலை சொல்லுவாள்ல" என்றார். எனக்கு அந்தச் சிப்பாய்கள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. சொந்த ஊருக்குத் திரும்பாமல், கொடுத்த இடத்தில் உட்கார்ந்து செத்துப்போனவர்கள்.

கஷ்டமான வேலை என்றால் ஒரு அத்திச்செடி. பழைய ஊர்ச்சுவருக்கு வெளியே ரோமானியரின் குடும்பக் கல்லறை ஒன்று, கூரையில்லாத சின்ன வீடு மாதிரி இருக்கும். உள்சுவரில் அந்தக் குடும்பத்தாரை நின்ற கோலத்தில் வரைந்திருக்கிறார்கள். நிறம் மங்கி, புகை மாதிரி நிற்பார்கள். வெளிப்பக்கத்துச் சுவரில், ஒரு விரிசலில், பறவை எச்சத்திலிருந்து அத்தி முளைத்திருந்தது. வெளியே முழங்கை நீளம்தான். உள்ளே வேர் படத்துக்குப் பின்னால் ஓடியிருந்தது. தட்டிப் பார்த்தால் ஒரு முகத்தின் பின்புறம் பொத்தென்று சத்தம் கொடுத்தது.

"இழுத்தா வந்துருமா?" என்று கேட்டேன்.

"வரும். மூஞ்சியும் சேர்ந்து வரும்" என்றார் பிலாரம்மா.

அதனால் இழுக்கவில்லை. அறுத்தோம். துளிர்த்தது. மறுபடி அறுத்தோம். அத்திக்கு நம்மைவிடப் பொறுமை அதிகம். காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் அந்தச் சுவரைப் போய்ப் பார்ப்பது என் பொறுப்பு. பச்சையாகக் குண்டூசித்தலை அளவு தெரிந்தாலும் கிள்ளிவிட வேண்டும். விடுமுறை நாளிலும் போவேன். போக வேறு இடமும் இல்லை. சில வருஷங்கள் கழித்து ஒரு வசந்தத்தில் துளிர் வரவில்லை. பிலாரம்மா ஊசிக்குழாயில் சுண்ணாம்புக் கரைசலை நிரப்பி, விரிசல் வழியாக மெதுவாக உள்ளே ஏற்றினார். நான் உள்பக்கம் நின்று, முகம் உப்புகிறதா என்று உள்ளங்கையை ஒரு மயிரிழை தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பவில்லை. செத்த வேர் இன்னும் சுவருக்குள்ளேயேதான் இருக்கிறது.

இன்னொரு நாள். ஊருக்கு வெளியே ரோமானியர் கட்டிய ஏரி, இன்றும் தண்ணீர் நிற்கிறது. அணைச்சுவரில் களை எடுத்துவிட்டு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த ஏரிக்கு ஒரு பெண்தெய்வத்தின் பெயர். ஏன் என்று கேட்டேன். பிலாரம்மா போனில் ஒரு படம் காட்டினார். அந்தத் தெய்வத்தின் பெயர் வெட்டிய பழைய பளிங்குக்கல்.

"மனு" என்றார். "ஒருத்தர் வீட்டுல துணி திருட்டுப் போயிருக்கு. ஆறு அங்கி, ரெண்டு நூல் போர்வை. எடுத்தவனைத் தண்டிச்சுரு தாயேன்னு சாமிகிட்டக் கேட்டு எழுதியிருக்காங்க. கடைசி வரி சிதைஞ்சுபோச்சு. அவன் பேரு எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கும்னு படிக்கிறாங்க."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆறு அங்கிக்கு ஒரு கல்லா என்றார் ஒருவர். நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். "பிலாரம்மா, இதுக்குப் பெறகு அந்த ஊருல யாருக்குக் கால் ஒடிஞ்சுச்சுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அவர் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவரிடம் சொல்லாத கதையை அன்றைக்குச் சொன்னேன். குறடு பிடித்ததில் ஆரம்பித்து, அண்ணன் வயிறு சரியில்லாதது வரை. சிரிப்பு வரும்படியாகத்தான் சொன்னேன், எனக்கு வேறு மாதிரிச் சொல்ல வராது. யாரும் சிரிக்கவில்லை. பிலாரம்மா மட்டும் ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பூட்டு உடையலேன்னு சொன்னியே?"

"ஆமா."

"வீட்டுக்குள்ள வெச்ச ஆறு துணியும் எங்க இருக்குன்னு தெருவுல போறவனுக்கா தெரியும்? இந்தக் கல்லை வெட்டுனவங்களுக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சிருக்கும், சுருளி. பேரைச் சொல்ல வாய் வராததாலதான் கல்லுல வெட்டியிருக்காங்க."

எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த அணைமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பிடுங்கிய களையில் எத்தனை கூழாங்கல் விழ வேண்டியிருந்ததோ, அவர் வைக்கவில்லை.

அதற்குப் பிறகும் அங்கேயேதான் இருந்தேன். என் வீட்டுக்காரி போடியில் இறந்தபோது என் காகிதங்கள் ஏதோ ஒரு மேஜையில் மாட்டிக்கொண்டிருந்தன, வர முடியவில்லை. எல்லாவற்றையும் மகள்தான் மதுரையிலிருந்து வந்து செய்தாள். "பெரியப்பா தெருவுலயே நின்னாருப்பா. அழுதாரு. உள்ள வந்து சாப்பிடச் சொன்னேன், மாட்டேன்னுட்டாரு" என்று போனில் சொன்னாள். செல்வம்தான் ஜீப்பைக் கொடுத்து, ஆட்களைக் கூட்டிவந்து, கூடவே நின்றானாம். அவனுக்கு அப்போது சொந்தமாக இரண்டு ஜீப்பு ஆகியிருந்தது. கருப்பன் அந்த வீட்டின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்று ஊர் வந்தேன். பிலாரம்மா வழியனுப்ப வந்து, ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை என் சட்டைப்பையில் போட்டார். கடைசியாக என்ன தப்புச் செய்தேன் என்று சொல்லவில்லை.

அண்ணனை ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். ரஹீம் போன் செய்த மறுநாள் மத்தியானம் பார்க்கப் போனேன். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார்.

"வாடா. கால் எப்டி இருக்கு?"

"எதக் கேக்குறண்ணே? ஒடிஞ்சதயா, ஒடியாததயா?"

"போப்பாண்டவரு?"

"அந்தாளு போயிட்டாரு. வேற ஆளு போட்டுருக்காங்க."

சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாமா என்று கை போய், பாதியில் நின்றது. அவரே எட்டிச் செம்பை எடுத்துக்கொண்டார். உள்ளே செல்வத்தின் மகள் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இதுதான் மாசம் என்றார்.

"அண்ணே, ஒரு சின்னச் சோலி. செல்வத்த ஜீப்பக் கொண்டாரச் சொல்லுவோம். முந்தல் வரைக்கும் போயிட்டு வெரசா வந்துருவோம். நீ எறங்கக்கூட வேணாம், பூசாரிய வண்டிக்கிட்டக் கூட்டியார்றேன். முழுக்காசு எங்கிட்ட இருக்கு."

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"போகும்போது எங்க வீட்டுல ஒரு வாய் காபி குடி. அம்புட்டுத்தான் எனக்கு வேணும். நான் எடுக்கலண்ணே."

"தெரியும்" என்றார்.

எவ்வளவோ வருஷமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. இத்தனை சுருக்கமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் செல்வம் அப்பாவுக்குக் காபி கொண்டுவந்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கும். "வாங்க சித்தப்பா" என்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வெளியே போனான். எங்கும் போவதற்கில்லை, ஆனாலும் ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அண்ணன் அந்தச் சத்தம் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்தப் பெண் எதற்கோ சிரித்தாள்.

"தெரியும்ல? பெறகென்னண்ணே, எடுத்துருவோம்" என்றேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"ஒம்மேலருந்து எடுத்தா, அது யாரு மேலடா போயி விழும்?"